மறுபடி மறுபடி கேட்கும் பெட்டிகள்

கடல் எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று பார்க்கக் கைப்பேசியில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால், செய்திக்கு முன்னால் இரண்டு பெட்டிகள் வந்து நிற்கின்றன. ஒன்று, அறிவிப்புகள் அனுப்பலாமா என்று கேட்கிறது. மற்றது, குக்கீகளை ஏற்கிறீர்களா என்கிறது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருப்பவருக்கும், துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் முகவருக்கும் வருவது இதே இரண்டு பெட்டிகள்தாம். இரண்டும் ஒரே தொல்லை போலத் தோன்றினாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அறிவிப்புக்கு அனுமதி கேட்பது பிரவுசர். குக்கீ பற்றிக் கேட்பது அந்தத் தளம். அதனால் முதலாவதைப் பிரவுசரின் அமைப்புகளில் ஒரேயடியாக நிறுத்திவிட முடியும். இரண்டாவதை அப்படி நிறுத்த வழியில்லை. ஆனால் பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், எந்தக் குக்கீ உள்ளே வரலாம் என்பதைப் பிரவுசரிலேயே தீர்மானித்துவிடலாம். பெட்டியோடு மல்லுக்கட்டுவதை விட அமைப்புகளில் ஒருமுறை நேரம் செலவிடுவது மேல்.

அறிவிப்பு அனுப்பும் வசதி குரோம் பிரவுசருக்கு 2015-இல் வந்தது. ‘அனுமதி’ என்று ஒருமுறை அழுத்தியதும், அந்தத் தளத்தின் சிறு நிரல் ஒன்று பிரவுசருக்குள் தங்கிவிடுகிறது. தளத்தை மூடினாலும், அதன் பிறகு அந்தப் பக்கமே போகாவிட்டாலும், பிரவுசர் நிறுவனத்தின் சர்வர் வழியாகச் செய்தி வந்து திரையில் விழும். முக்கியச் செய்தியை உடனே தெரிவிக்க உருவான வசதி இது. தள்ளுபடி விற்பனை, சினிமாக் கிசுகிசு, ராசிபலன் எல்லாம் அதே வழியில் நுழைந்ததில் வியப்பில்லை. வாசகரை மறுபடி மறுபடி இழுத்துவர இதைவிடச் செலவில்லாத வழி தளங்களுக்குக் கிடைக்கவில்லை. தொல்லை முற்றியதும் பிரவுசர் நிறுவனங்களே இறங்கிவந்தன. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் இந்தப் பெட்டியைத் தானாக எழவிடாமல், முகவரிப் பட்டையில் ஒரு சிறு குறியாகச் சுருக்கியது. அடுத்த மாதமே குரோமும், எப்போதும் மறுத்து வருகிறவர்களுக்குச் சத்தமில்லாத பெட்டியைக் கொண்டுவந்தது.

மறுத்த பிறகும் ஏன் கேட்கிறது? பெரும்பாலும் அது மறுப்பாகவே பதிவாகியிருக்காது. தளங்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. பிரவுசரின் உண்மையான பெட்டிக்கு முன்னால், தங்கள் சின்னத்தோடு சொந்தப் பெட்டி ஒன்றைக் காட்டுகின்றன. அதில் ‘வேண்டாம்’ என்று இருக்காது, ‘பிறகு பார்க்கலாம்’ என்றுதான் இருக்கும். அதை அழுத்தினால் பிரவுசரிடம் கேள்வியே போகாது. ஆகவே பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. சில நாள் கழித்துத் தளம் மறுபடி கேட்கும். உண்மையான பெட்டியில் ‘தடு’ என்று அழுத்தினால் மட்டுமே அந்த முகவரிக்கு நிரந்தரமாகக் கதவு அடைபடும். அழுத்தாமல் மூடிக்கொண்டே வந்தால், மூன்றாவது முறைக்குப் பின் குரோம் அந்தத் தளத்தை ஒரு வாரத்துக்கு மட்டும் கேட்கவிடாமல் வைக்கும்.

மொத்தமாக நிறுத்த, ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய், தளங்கள் அனுமதி கேட்பதை அணைத்துவிடலாம். ஃபயர்ஃபாக்ஸில் தனியுரிமைப் பகுதியில் உள்ள அனுமதிகள் பட்டியலிலும், மேக் கணினியின் சஃபாரியில் வலைத்தளங்கள் பிரிவிலும் இதே வசதி உண்டு. ஐபோனில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே 2023 மார்ச்சில்தான் தளங்களுக்கு அறிவிப்பு வசதி கிடைத்தது, அதுவும் முகப்புத் திரையில் சேர்த்துவைத்த தளங்களுக்கு மட்டும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. கேட்பதை நிறுத்தினால் புதிய கேள்விகள்தாம் நிற்கும். முன்பே அனுமதி பெற்ற தளங்கள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அதே அறிவிப்புகள் பக்கத்தில், அனுமதி பெற்றவற்றின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்து வேண்டாதவற்றை நீக்க வேண்டும். திறந்த நினைவே இல்லாத முகவரிகள் அங்கே இருப்பது சகஜம். ‘நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று ஏமாற்றி வாங்கியவை அவற்றில் பல. ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று அலறும் அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட முகவரிகளிலிருந்து வருபவை. அப்போது போனுக்குள் வைரஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை, யாரோ ஒருவருக்குக் கூவும் அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அறிவிப்பைத் தொட்டு உள்ளே போகாமல், பட்டியலிலிருந்து முகவரியை நீக்கினால் சத்தம் நின்றுவிடும்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் புயல் செய்தி தவறிப்போகாதா என்ற கவலை இந்தக் கரையில் நியாயமானது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது நாளிதழ் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வானிலை ஆய்வுத் துறை சொல்லும் எண்ணுக்கு ஏற்ப, பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும். மொத்தம் 11 எண்கள். முதல் இரண்டும் தொலைவில் உருவான புயலைக் குறிப்பவை; மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே காற்றின் அச்சுறுத்தல் உண்டு என்பவை; 5 முதல் 10 வரை அபாயமும் பெரும் அபாயமும், புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்பவை. 11-ஆம் எண்ணுக்குப் பொருள் வேறு: எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுப்போயிற்று. மௌனத்தை யாரும் அமைதி என்று எடுத்துக்கொண்டுவிடாமல் இருக்க, தொடர்பு அறுந்ததற்கே ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். நிலைமை மாறாமல் கூண்டின் எண்ணை யாரும் மாற்றுவதில்லை. அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. ஒரு நாளைக்கு முப்பது முறை அதிரும் கைப்பேசியில் முப்பத்தொன்றாவது அதிர்வை யார் பார்ப்பார்கள்?

உண்மையில் உயிர் காக்கும் எச்சரிக்கை பிரவுசரை நம்பி இருக்கவில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சி-டாட் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ‘சச்சேத்’ அமைப்பு, குறிப்பிட்ட பகுதியில் இருக்கும் கைப்பேசிகளுக்கு நேரே குறுஞ்செய்தி அனுப்புகிறது. செல் ஒலிபரப்பு என்ற முறையில், கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களிலும் ஒரே நேரத்தில் பெருஞ்சத்தத்தோடு செய்தி எழவும் வழி இருக்கிறது. 2023-இல் நாடெங்கும் இதைச் சோதித்தபோது, எதிர்பாராத அலறல் கேட்டுப் பலர் திடுக்கிட்டது நினைவிருக்கலாம். இவற்றுக்கும் பிரவுசரின் அறிவிப்பு அனுமதிக்கும் தொடர்பே இல்லை. போனின் அமைப்புகளில் அவசர எச்சரிக்கை என்று தனியாக ஓர் இடம் இருக்கும். தொடக்கூடாதது அதைத்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், நீரோட்டம், ‘கள்ளக்கடல்’ எனப்படும் திடீர் அலையெழுச்சி பற்றிய முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. அதன் ‘சமுத்ரா’ செயலியும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலியும் மீனவர்களுக்கு உதவ உருவானவை. அவற்றின் அறிவிப்புகளைத் தனியாகத் திறந்து வைத்துக்கொண்டு, மற்ற தளங்களின் அனுமதியை மூடிவிடுவது தக்க ஏற்பாடு.

கடலுக்குள் போனவருக்கு இவை எல்லாம் ஓர் எல்லை வரைதான். கரையை விட்டுச் சில மைல் விலகியதும் கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி அருகே கடந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்களுக்குச் செய்தி சேராததுதான் பெரிய துயரமாயிற்று. அதன் பிறகு 2019-இல் வந்த ‘ஜெமினி’ கருவி, ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக எச்சரிக்கையைப் பெற்று, படகில் உள்ள போனுக்குக் கொடுக்கிறது.

இனி குக்கீ. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்தவர் அதே ஆள்தானா என்பது சர்வருக்குத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டூலி என்ற நிரலாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். சர்வர் ஒரு சிறு எழுத்துக் கோவையைப் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் காட்டும். குக்கீ என்பது அவ்வளவுதான். அது நிரல் அல்ல, வைரஸும் அல்ல.

தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்குக்கு ஷிப்பிங் பில் தாக்கல் செய்யும் முகவர் சுங்கத்துறையின் ‘ஐஸ்கேட்’ தளத்தில் நுழைகிறார் என்றால், கடவுச்சொல் கொடுத்த பிறகு பக்கத்துக்குப் பக்கம் அவரை அடையாளம் காட்டுவது இத்தகைய குறிப்புதான். எல்லாக் குக்கீகளையும் தடுத்துவிட்டால் இதுபோன்ற தளங்களில் உள்ளே நுழையவே முடியாது. வங்கி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே ‘அனைத்தையும் தடு’ என்ற யோசனை வீரமாகத் தோன்றினாலும் அன்றாட வேலைக்கு உதவாது.

கவலைக்குரியது வேறு வகை. ஒரு தளத்தில் விளம்பரம் வைத்திருக்கும் வெளி நிறுவனமும் தன் குக்கீயை அங்கே இட முடியும். அதே நிறுவனத்தின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஒருவர் எங்கெல்லாம் போனார் என்பதை அது கோத்துப் பார்த்துவிடும். படகு எஞ்சின் விலையை ஓரிடத்தில் பார்த்தவருக்கு, செய்தி படிக்கும் இடத்தில் எஞ்சின் விளம்பரம் வருவது இப்படித்தான். மூன்றாம் தரப்புக் குக்கீ என்று சொல்லப்படும் இதை சஃபாரி 2020-லிருந்து முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-லிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி அறையில் பூட்டுகிறது. கூகுளோ, நிறுத்தப்போவதாக 2020-இல் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024-இல் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்திடம் வேறு எதை எதிர்பார்ப்பது! குரோம் பயன்படுத்துகிறவர்கள் தனியுரிமை மற்றும் பாதுகாப்பு பகுதியில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தாங்களே தடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தள நுழைவுகள் பெரும்பாலும் கெடாது. எங்காவது கெட்டால் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

குக்கீப் பெட்டி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் விசித்திரமானது. ‘வேண்டாம்’ என்ற பதிலைத் தளம் எழுதிவைப்பதும் ஒரு குக்கீயில்தான். பிரவுசரை மூடும்போது எல்லாவற்றையும் அழிக்கும்படி அமைத்திருந்தாலும், மறைநிலைச் சாளரத்தில் பார்த்தாலும், அந்தப் பதிலும் சேர்ந்து அழிந்துவிடும்; மறுநாள் தளத்துக்கு வாசகர் புது ஆள். ஃபேஸ்புக் செயலிக்குள் திறக்கும் பக்கத்துக்குக் குரோமில் சொன்ன பதில் தெரியாது. அழிக்காமலே விட்டாலும் ஆயுள் உண்டு. குரோம் எந்தக் குக்கீயையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. பக்கத்தில் ஓடும் நிரல் எழுதிய குக்கீயைச் சஃபாரி ஏழு நாளில் கழித்துவிடும். எனவே அதிகக் கவனமாக அழிக்கிறவர்களையே பெட்டி அதிகம் துரத்தும். இதற்கு நடுவழி, மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிட்டு, தளத்தின் சொந்தக் குக்கீகளை அழிக்காமல் விடுவது.

இந்தப் பெட்டி பிறந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால். 2002-ஆம் ஆண்டு ஆணையை 2009-இல் திருத்தி, அவசியமற்ற குக்கீகளுக்கு முன் அனுமதி தேவை என்றார்கள். 2018-இல் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. முன்பே டிக் அடித்த கட்டம் சம்மதம் ஆகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்குகளும் வைத்ததற்காக, கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் விதித்த அபராதம் 2022 ஜனவரியில் வெளியானது. ஐரோப்பிய வாடிக்கையாளரை நோக்கித் தளம் நடத்துகிறவர் எந்த ஊரில் இருந்தாலும் இந்த விதி தொடும். கடல் உணவை ஐரோப்பாவுக்கு விற்க நினைக்கும் தூத்துக்குடி ஏற்றுமதியாளரும் விலக்கல்ல.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது; விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சட்டத்தில் குக்கீ என்று பெயர் சொல்லவில்லை; ஆனால் குக்கீ வழியாக ஓர் ஆளின் தகவல் திரண்டால் அதுவும் இதில் அடங்கும். சம்மதம் தெளிவாகவும் நிர்ப்பந்தமின்றியும் இருக்க வேண்டும். கொடுத்த அளவுக்கே எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும். தமிழும் அதில் ஒன்று. இன்று ஆங்கிலத்தில் மட்டும் வரும் பெட்டிகள் பலவற்றை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

பிரவுசிங் சென்டரிலும் பிறர் கணினியிலும், சொந்தக் குக்கீகளை அழிக்காமல் விடலாம் என்று மேலே சொன்ன கணக்கு தலைகீழ். அங்கே குக்கீ தங்கிவிட்டால் அடுத்து உட்காருகிறவர் முந்தையவரின் கணக்குக்குள் நேரே நுழைந்துவிட முடியும். சாளரத்தை மூடுவது போதாது. லாக்-அவுட் செய்ய வேண்டும், அல்லது தொடக்கத்திலேயே விருந்தினர் சாளரத்தையோ மறைநிலைச் சாளரத்தையோ திறக்க வேண்டும். அறிவிப்புக்கு அங்கே அனுமதி கொடுக்கவே கூடாது. அத்தகைய கணினியில் குக்கீப் பெட்டி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டால் எரிச்சல்பட வேண்டியதில்லை. முன்பு வந்தவரின் குறிப்புகள் அதில் மிச்சமில்லாமல் இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி.