அரை நாள் மலைநடை

அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால், கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி. அங்கே நடையின் நேரத்தைக் கணிக்கத் தொலைவு ஒன்றே போதும். மலையில் அக்கணக்குப் பொருந்தாது. உயரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1892 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் இதற்கு ஓர் எளிய விதியை வகுத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணிநேரம். இதன்படி, 600 மீட்டர் ஏற்றமுள்ள பத்துக் கிலோமீட்டர் வழிக்கு மூன்று மணிநேரம் ஆகும். ஓய்வும் புதியவரின் தளர்ச்சியும் இக்கணக்கில் அடங்கா. எனவே, அரை நாள் நடைக்கு விடியலில் புறப்படுவதே முறை. உச்சியை அடையாவிடினும் குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. 2000 மீட்டருக்கு மேல் அமைந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம், கடற்கரையைவிடப் பதின்மூன்று பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஆகவே, குடிநீருடன் கம்பளி உடையும் தேவை.

பருவம் அறிதல் இவை அனைத்தினும் முதன்மையானது. தேனி மாவட்டக் குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் இடையிலான மலைப்பகுதியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீ பரவியது. அதில் சிக்கிய மலையேற்றக் குழுவினருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் மலைச்சரிவுப் புற்கள் காய்ந்துவிடுகின்றன. எரியும் தீயின் அனல் மேலுள்ள புல்லை முன்னதாகவே சூடேற்றுவதால், தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறுகிறது. மனிதரோ மேடேறுகையில் வேகம் இழக்கின்றனர். எனவே, மேல்நோக்கி ஓடித் தீயிலிருந்து தப்புதல் அரிது.

இத்துயருக்குப் பின், அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகளை வகுத்தது. 2024 இல் வனத்துறை நாற்பது மலையேற்றப் பாதைகளை அறிவித்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்ல வழிசெய்தது. உரிய அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் நுழைவது சட்டத்திற்கும் உயிர்க்காப்புக்கும் முரணானது.

தேயிலைச் செடிகளுக்கிடையே செல்லும் தடங்கள் கொழுந்து பறிப்போரின் பணிக்காக அமைந்தவை. அவை ஒன்றுபோலத் தோன்றுவதால், மூடுபனி இறங்கியதும் புதியவர் வழி தவறக்கூடும். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அடிவாரத்தில் ஒருவரிடம் முன்னரே தெரிவித்தால், நேரம் கடந்தவுடன் தேடும் பணி தொடங்க இயலும்.