29–12–6

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்தது. மூன்று மாதம் கழித்து, பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் காலனியத்துக்கு எதிராக ஒன்றுகூடின. அந்தக் காலனிய எதிர்ப்புக் கொள்கைக்கு 1956 நவம்பரில் சோதனை வந்தது. 2ஆம் தேதி, சூயஸ் போரை நிறுத்தக் கோரிய தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 64–5 என நிறைவேறியது. 64இல் இந்தியாவும் ஒன்று. 4ஆம் தேதி, ஹங்கேரியிலிருந்து சோவியத் படை விலகக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 50, எதிர்ப்பு 8. ஒதுங்கிய 15 நாடுகளில் இந்தியா இருந்தது. இடைவெளி இரண்டே நாள்.

தமிழருக்கு நெருக்கமான கணக்கு 2009 மே 27 அன்று ஜெனீவாவில் எழுதப்பட்டது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 47 உறுப்பினர்களில் 29 பேர், அதாவது 61.7 விழுக்காட்டினர், இலங்கையின் இறையாண்மையை வலியுறுத்திய தீர்மானத்தை ஆதரித்தனர். எதிர்த்தவை 12, ஒதுங்கியவை 6. இது மேற்கின் தலையீட்டுக்கு எதிரான வாக்கு என்று கொழும்பு சொன்னது. பட்டியல் அவ்வளவு சுத்தமாக இல்லை. ஆதரித்த 29இல் கியூபா, பொலிவியா, நிகரகுவாவோடு சவூதி அரேபியாவும், அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாவது கப்பல்தொகுதிக்கு இடம் தந்த பஹ்ரைனும் இருந்தன. எதிர்த்த 12இல் மெக்சிகோவும் சிலியும் இருந்தன. அமெரிக்கா அன்று உறுப்பினரே அல்ல.

குறைகளைக் கண்டித்தபடியே ஆதரிக்க முடிந்ததா என்பதை அளக்க அதே நாளின் இன்னொரு வாக்கெடுப்பு உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சார்பில் ஜெர்மனி திருத்தங்களைக் கொண்டுவந்தது. அவற்றை எடுத்துக்கொள்ளாமல் விவாதத்தை முடிக்கக் கியூபா கோரியது. அது 22–17 என நிறைவேறியது. 7 நாடுகள் ஒதுங்கின. அந்த 22ஐயும் 29இன் கணக்கிலேயே வைத்தாலும், கண்டனத்தின் கதவை மூட வாக்களிக்காதவை குறைந்தது 7, அதாவது 24 விழுக்காடு. இறுதித் தீர்மானத்தில் அந்த ஏழின் தயக்கத்துக்கு ஒரு வரியும் இல்லை. அவையும் 29இல் கரைந்தன.

போரின் விலையைக் கணக்கிட ஓர் இணை எண் போதும். 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்த பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 என்றது இலங்கை அரசு, ஐ.நா.வின் கணிப்பு 2,50,000. போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல்: அரசு சொன்னதைப்போல் நான்கு மடங்கு. உணவும் மருந்தும் எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டன என்பதே கேள்வி. 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவுசெய்தது.

தமிழ்நாட்டின் பக்கத்திலும் இரண்டு எண்கள். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, 4 பேருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது. டெல்லியின் ஈழக் கொள்கையை அந்தக் கொலை நெடுநாள் ஆண்டது. மற்றொன்று, 2021இல் மாநில அரசு சொன்ன அகதிகள் கணக்கு: 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே 34,087 பேர்.

ஜெனீவாவில் பின்னர் இலங்கைக்கு எதிராக வந்த தீர்மானங்களில் கொழும்பின் பக்கம் நின்ற வாக்குகள் 2012இல் 15, 2014இல் 12, 2021இல் 11, 2022இல் 7. பங்கு 61.7இலிருந்து 14.9 விழுக்காடாகச் சரிந்தது. இடையில் 2015இல் ஆட்சி மாறியதும், அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை தந்தது, வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. 2020இல் அதிலிருந்து விலகியது. பணக்கணக்கில் மேற்கு எதிர்ப்பு இன்னும் மெலிவு: ஜெனீவா வெற்றிக்கு இரண்டு மாதத்துக்குள், 2009 ஜூலையில், வாஷிங்டனில் உள்ள பன்னாட்டு நாணய நிதியத்திடம் இலங்கை 260 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் பெற்றது.

இந்தியாவின் வரவுசெலவு: 2009இல் கொழும்புடன், 2012, 2013இல் எதிராக, 2014, 2021, 2022இல் ஒதுங்கல். ஆறு வாக்கெடுப்பில் மூன்று, சரிபாதி, எந்தப் பக்கமும் இல்லை. 2022இல் தீர்மானத்தை ஆதரித்தவை 20, ஒதுங்கியவையும் 20. இந்தியா இரண்டாம் இருபதில்.