பழைய வோக்ஸ்வாகன் வேனுக்கு என்ன சாமான் வாங்குவது?

ரேடியேட்டரே இல்லாத பழைய வோக்ஸ்வாகன் கோம்பி வேன். எஞ்சினைப் பிரித்தாயிற்று. தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு சாமான் தேடுகிறீர்கள். வேகத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சூட்டையும் புழுதியையும் தாங்குவதுதான் இந்த ஊருக்கு வேண்டும்.

பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடுமே? கூடும். 1600 எஞ்சினில் கம்பெனி போட்டது 85.5 மில்லிமீட்டர் சிலிண்டர். கிராங்க்கேஸை (எஞ்சினின் அடிக்கூடு) கடையாமலே உட்காரும் 88 மில்லிமீட்டர் செட்டும் விற்கிறார்கள். அதன் சுவர் மெல்லியது, சூட்டில் கோணிக்கொள்ளும். பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறப் போகிற வண்டிக்கு அது ஆகாது.

சரி, சூட்டை எப்படிக் குறைப்பது? விசிறிக் காற்றும் ஆயிலும்தான் இந்த எஞ்சினைக் குளிர வைக்கின்றன. பழைய விசிறிக்கூட்டுக்குள் ஆயில் கூலர் காற்றை மறித்து நிற்கும். மூன்றாம் சிலிண்டர்தான் அவதிப்படும். 1971 மாடலிலிருந்து கூலரை ஒதுக்கி, அதற்குத் தனிக் காற்றுவழி வைத்தார்கள். அந்த வகைக் கூடு கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் ஓரங்களையும் "இது எதுக்கு சார்?" என்று மெக்கானிக் கழற்றிப் போடுவார். விடாதீர்கள். அவை போனால் எஞ்சின் தன் சூட்டையே திரும்ப இழுக்கும்.

புழுதியா? தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் கிளம்புவது சாதாரண மண் இல்லை, அரைத்த வெங்கச்சங்கல். உள்ளே போனால் ரிங்கைத் தேய்த்துவிடும். பளபளக்கும் சின்ன ஃபில்டரைத் தொடாதீர்கள். கம்பெனி வைத்த, ஆயிலில் தூசி பிடிக்கும் ஃபில்டரே நல்லது.

மெயின் பேரிங் (கிராங்க் தண்டு சுழலும் தாங்கி) எந்த அளவு? புத்தகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். யாராவது முன்பே கிராங்க்கேஸைக் கடைந்திருக்கலாம், தண்டைத் தேய்த்திருக்கலாம். அளந்துவிட்டு வாங்குங்கள். சுரங்கமும் பெமல் தொழிற்சாலையும் வளர்த்த ஊர் இது. மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த டர்னருக்கா பஞ்சம்?

எங்கே கிடைக்கும்? பிரேசிலில் இந்தக் காற்றுக்குளிர் வேனை 2005 வரை செய்தார்கள். அதனால் சிலிண்டர், கேஸ்கெட்டுக்கு வெளிநாட்டு ஆர்டர்தான் வழி. பெல்ட்டும் பெட்ரோல் ஹோஸும் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பார்க்கலாம்.

அந்த ஹோஸில் கஞ்சத்தனம் வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊற வைத்து வெடிக்கச் செய்யும். கசிந்து தீப்பிடித்தால் மெக்னீசியக் கலவையில் வார்த்த எஞ்சின் கூடும் சேர்ந்து எரியும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, மற்ற வேலைக்கு முன்னால் அதை மாற்றிவிடுங்கள்.