பலூன் எழும்பாவிட்டால் என்ன சொல்வீர்கள்? – சின்னப் பிள்ளைகளோடு வெப்பக்காற்று பலூன் விழாவுக்குப் போகுமுன்



வெப்பக்காற்று பலூன் விழா என்றால் நம் நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புத்ராஜெயா. அங்கே 2009-இல் தொடங்கியது. கெடாவில் இருக்கும் நமக்குப் பக்கம் பினாங்குதான். 2015-இல் தொடங்கிய பினாங்கு விழா, ஜார்ஜ்டவுனில் பாடாங் போலோ திடலில், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்துச் சனி ஞாயிறுகளில் நடந்து வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போய் வந்த பிள்ளைகளிடம், "அந்தக் கோயில்லேருந்து ரொம்பத் தூரம் இல்ல" என்று சொன்னால் இடம் புரிந்துவிடும். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று எங்கிருந்து கிளம்பினாலும் பாலத்தைக் கடந்தால் போதும்.

ஆனால் பாலர் பள்ளி, ஆண்டு 1, ஆண்டு 2 வயதுப் பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் பல, கூட்டம், வெயில், நாலு படம், கடைசியில் ஓர் அழுகை என்று திரும்பி வருகின்றன. பிள்ளைக்கு அந்தப் பயணத்தில் என்ன கிடைக்கும் என்பது, கிளம்புவதற்கு முன் நாம் அதனிடம் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்தது. அதிலும் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: பலூன் எழும்பாமலும் போகலாம்.

முதலில் நாள் பாருங்கள்

விழா அந்த ஆண்டு நடக்கிறதா, எந்தத் தேதி, எந்த இடம் என்பதை ஏற்பாட்டாளர்களின் அறிவிப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து நம் மாநிலத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பினாங்குக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடாவுக்கு வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். ஆகவே நமக்கு ஒத்துவருவது சனிக்கிழமை மட்டும்தான். அன்று காலையில் காற்று அதிகமாக இருந்து பலூன் எழும்பவில்லை என்றால், "நாளைக்கு வரலாம்" என்று சொல்ல முடியாது. மாலை வரை காத்திருக்கப்போகிறீர்களா, வீடு திரும்பப்போகிறீர்களா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

ஏன் இருட்டோடு கிளம்ப வேண்டும்?

"எதுக்கு இவ்வளவு சீக்கிரம் எழுப்புறீங்க?" என்று பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. இதற்கான பதிலிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்: அந்தக் காலத்தில் ஏன் இருட்டிலேயே பெரட்டுக்குப் போனார்கள்? வெயில் ஏறுவதற்குள் பால்மரம் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். பலூனுக்கும் அதே குளிர்ந்த காலைதான் வேண்டும். காரணம் மட்டும் வேறு.

முதல் காரணம் காற்று. சூரியன் ஏறி மண் சூடானதும், மண்ணை ஒட்டிய காற்று சூடாகி மேலே கிளம்பும். அந்த இடத்துக்குப் பக்கத்துக் காற்று ஓடி வரும். காலையில் அசையாமல் இருந்த கொடி பத்து மணிக்கு ஆடுவது இதனால்தான். இரண்டாவது காரணம் எடை. குளிர்ந்த காற்று கனமானது. வெளிக்காற்று எவ்வளவு கனமோ, உள்ளே இருக்கும் சூடான காற்று அவ்வளவு எளிதாக மேலே போகும்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கணக்காகவே கொடுக்கலாம். 25 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.18 கிலோ. அதையே 100 பாகைக்குச் சூடாக்கினால் சுமார் 0.95 கிலோ. ஆக, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய கால் கிலோவைத் தூக்கலாம். 2,000 கன மீட்டர் கொள்ளும் பலூன் என்றால் துணி, கூடை, கேஸ் தோம்பு, ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 470 கிலோ. இதையே நண்பகலில், வெளியே 33 பாகை இருக்கும்போது செய்தால் சுமார் 410 கிலோதான் வரும். குறைந்த 60 கிலோ ஒரு பெரிய ஆளின் எடை. வெயில் ஏறினால் கூடையிலிருந்து ஒருவர் இறங்க வேண்டியதுதான்!

பிப்ரவரியில் நம் பக்கம் சூரியன் உதிக்க ஏறத்தாழ 7.30 ஆகும். அதற்கு முன்பே திடலில் இருந்தால் பலூன் விரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம்.

வாயால் ஊதும் பலூன் வேறு, இந்தப் பலூன் வேறு

பிள்ளைகளுக்குத் தெரிந்த பலூன் பிறந்தநாள் பலூன். அது ரப்பர் பாலில் செய்தது. வாயைக் கட்டினால்தான் காற்று நிற்கும். விழாவில் பார்க்கும் பலூன் நைலான் துணியில் தைத்தது. அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். இந்த வேறுபாட்டை முன்பே சொல்லாவிட்டால், "ஊசி பட்டா வெடிச்சிடுமா?" என்ற பயத்தோடே பிள்ளை நிற்கும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. "புகைதான் தூக்குது டீச்சர்" என்று சில பிள்ளைகள் சொல்லும். சிரிக்க வேண்டாம். முதன்முதலில் பலூன் செய்த பிரான்ஸ் நாட்டு மோன்கோல்ஃபியே சகோதரர்களே அப்படித்தான் நினைத்தார்கள். வைக்கோலையும் கம்பளியையும் கொளுத்தி நிறையப் புகை போட்டார்கள். தூக்கியது புகையல்ல, சூடு. 1783 செப்டம்பர் 19-இல் வெர்சாய் அரண்மனையில் அவர்கள் அனுப்பிய பயணிகள் யார் தெரியுமா? ஒரு செம்மறி ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மூன்றும் உயிரோடு இறங்கின. அதே ஆண்டு நவம்பர் 21-இல் இரண்டு மனிதர்கள் பாரிஸ் நகரத்துக்கு மேலே சுமார் 25 நிமிடம் பறந்தார்கள். இந்தக் கதையைக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு சொல்லிப் பாருங்கள். ஆடு, வாத்து, சேவல் பெயரைப் பிள்ளை மறக்காது.

வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க

1. கண்ணாடிப் போத்தல்: காலிப் போத்தலின் வாயில் சின்ன ரப்பர் பலூனை மாட்டி, போத்தலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். தொங்கிய பலூன் நிமிரும். தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மாற்றினால் மறுபடியும் தொங்கும். சூடானால் காற்று விரியும் என்பது கண்ணுக்குத் தெரியும். வெந்நீரைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும்.

2. டோபிக் கடை உறை: தேய்த்த சட்டைக்கு டோபிக் கடையில் போட்டுத் தரும் மெல்லிய, நீளமான பிளாஸ்டிக் உறையை எடுங்கள். மேலே உள்ள ஓட்டையை டேப் போட்டு அடையுங்கள். இருவர் உறையை நிமிர்த்திப் பிடிக்க, கீழிருந்து ஹேர் டிரையரால் சூடான காற்றை நிரப்பி, கையை விடுங்கள். குளிர்ந்த அறையில் நன்றாக எழும்பும். சூடு ஆறியதும் தானாக இறங்கும். வேலை முடிந்ததும் உறையை எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் தலையில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

நெருப்பு கொளுத்திப் பறக்கவிடும் காகித விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

திடலில் எதைக் காட்டுவது?

பலூன் நிமிர்ந்து நின்ற பிறகுதான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கற்பதற்கு உரிய நேரம் அதற்கு முந்திய அரை மணி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

- துணியைத் தரையில் விரிக்கிறார்கள். "இது எத்தனை வகுப்பறை நீளம் இருக்கும்?"
- பெரிய விசிறியால் சாதாரணக் காற்றை ஊதி நிரப்புகிறார்கள். பலூன் பெருக்கிறது, ஆனால் படுத்தே கிடக்கிறது. "காற்று நிறைஞ்சும் ஏன் இன்னும் எழும்பல?" மிக முக்கியமான கேள்வி இது.
- பர்னரைத் திறக்கிறார்கள். தீ உள்ளே பாய்கிறது. பலூன் மெல்ல எழுந்து நிற்கிறது. "இப்ப என்ன மாறிச்சு?"
- கூடையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரம்பால் பின்னியது. இறங்கும்போது தரையில் மோதினாலும் பிரம்பு வளைந்து கொடுக்கும். பிரம்பு என்றால் அடிக்கிற ரோத்தான் மட்டுமல்ல என்பதும் பிள்ளைக்குத் தெரியட்டும்.
- கயிறுகளை எண்ணச் சொல்லுங்கள். நகரத்துக்கு நடுவில், கடலுக்குப் பக்கத்தில் உள்ள திடலில் சவாரி என்பது பெரும்பாலும் கயிற்றில் கட்டிய பலூன்தான். மேலே போய், கொஞ்ச நேரம் நின்று, அங்கேயே இறங்கும்.

பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டின் பொள்ளாச்சியிலும் 2015 முதல் பலூன் விழா நடந்து வருகிறது. அங்கே சுற்றிலும் தென்னந்தோப்பும் வயலும் என்பதால் கயிறு இல்லாமலும் பறக்கவிடுகிறார்கள். அப்படிப் பறக்கும் பலூனுக்குக் கார் போல ஸ்டீயரிங் கிடையாது. மேலே ஏறியோ கீழே இறங்கியோ, தனக்கு வேண்டிய பக்கம் வீசும் காற்றைப் பைலட் தேடிப் பிடிக்கிறார்.

சத்தம், பயம், சவாரி

பர்னர் சத்தம் சின்னப் பிள்ளைகளை உலுக்கிவிடும். முன்பே வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, "இந்த 'புஸ்' சத்தம் அங்க ரொம்பப் பெரிசா கேட்கும், தீயும் தெரியும், ஆனா நம்ம கிட்ட வராது" என்று சொல்லி வையுங்கள். முதலில் தூரத்தில் நில்லுங்கள். பிள்ளையே "கிட்டப் போகலாம்" என்று கேட்ட பிறகு நகருங்கள். பயந்த பிள்ளையை, "இதுக்குப் போயி பயப்படுறியா?" என்று கேலி செய்ய வேண்டாம்.

சவாரிக்கு உயர வரம்பு வைப்பது வழக்கம். கூடை விளிம்புக்கு மேலே பார்க்க முடியாத பிள்ளை, இறங்கும்போது சரியாகப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. டிக்கெட் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். ஏற முடியாது என்றால் அதை வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. சவாரி இல்லாவிட்டாலும் மேலே சொன்ன பாடத்தில் ஒன்றும் குறையாது.

தொப்பி, தண்ணீர், மாற்றுடை, பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஆகியவை கட்டாயம். பள்ளியாகப் போவதென்றால் ஒப்புதல் கடிதங்களை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்; பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப் பெரியவர்கள் கூடுதலாக வேண்டும்.

பலூன் எழும்பாவிட்டால்

இலை கூட அதிகம் ஆடவில்லையே, ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று பெரியவர்களே முணுமுணுப்பார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கயிறில்லாத பலூன் காற்றோடு சேர்ந்து போகும். கூடையில் இருப்பவருக்குக் காற்று வீசுவதே தெரியாது. கட்டிய பலூனோ காற்றை எதிர்த்து நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய துணியில் லேசான காற்று மோதினாலும் பலூன் சாயும், கூடை இழுபடும். அதனால் கட்டிய பலூனுக்குத்தான் காற்று இன்னும் அமைதியாக இருக்க வேண்டும்.

இதைப் பிள்ளையிடம் கிளம்பும் முன்பே சொல்லுங்கள்: "நாம பலூனைப் பார்க்கப் போறோம். காற்று விட்டாத்தான் அது எழும்பும். பைலட் மாமா வேணாம்னு சொன்னா, அது நம்மளைப் பத்திரமா வச்சிக்கத்தான்." பிறகு ஒரு ரிப்பன் துண்டைக் கையில் கொடுங்கள். திடலில் அதைப் பிடித்துப் பார்த்து, இன்று எழும்புமா எழும்பாதா என்று பிள்ளையே சொல்லட்டும். ரிப்பன் படபடவென்று அடிப்பதைத் தானே பார்த்த பிள்ளைக்கு, பைலட் ஏன் மறுத்தார் என்பது புரியும். ஏமாற்றம் இருக்கும், இருக்கட்டும். ஆயிரம் பேர் காத்திருக்கும்போதும் ஒரு பெரியவர் "இன்னைக்கு வேணாம்" என்று சொல்வதைப் பிள்ளை பார்க்கிறதே, நன்னெறிப் பாடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அந்த நேரத்தில் நாம் ஏற்பாட்டாளர்களைத் திட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பாடம் போய்விடும்.

போக முடியாத பிள்ளைகளையும் நினையுங்கள்

வகுப்பில் பத்துப் பேர் போய் வந்து, இருபது பேர் வாய்பார்த்து நிற்கும் நிலை வரக்கூடாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு விடிவதற்குள் பினாங்கு போக வண்டி இருக்காது. சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் பெற்றோர் உண்டு. ஆகவே டோபி உறைச் சோதனையை விழாவுக்கு முன்பே முழு வகுப்புக்கும் செய்யுங்கள். போகிற பிள்ளைகளிடம் போகாத பிள்ளைகளின் கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள். பதில் கொண்டு வருவது அவர்கள் பொறுப்பு.

திரும்பி வந்ததும் எழுத்துவேலை:

- பாலர் பள்ளி: பலூன் எழும்பிய வரிசையை நான்கு படமாக வரைதல்.
- ஆண்டு 1, 2: விரி, ஊது, நிமிர், எழும்பு, மித, இறங்கு ஆகிய வினைகளைக் கொண்டு வாக்கியம் அமைத்தல்.
- ஆண்டு 3: "காற்று நிறைந்தும் பலூன் ஏன் படுத்துக் கிடந்தது?" – ஐந்து வாக்கியத்தில் விளக்கம்.
- ஆண்டு 5, 6: மேலே கொடுத்த எடைக் கணக்கை 28 பாகைக்கும் 31 பாகைக்கும் செய்து பார்த்தல். காற்றின் எடை 28 பாகையில் சுமார் 1.17 கிலோ, 31 பாகையில் சுமார் 1.16 கிலோ.

ஆண்டு 3 கேள்விக்கு, விழாவுக்குப் போகாத ஒரு பிள்ளை டோபி உறையை நினைவில் வைத்துச் சரியான பதில் எழுதியிருந்தால், உங்கள் பாடம் வகுப்பு முழுவதையும் எட்டிவிட்டது என்று பொருள்.