பழைய கொம்பறையை இடிக்குமுன் அளந்தெழுதுக

முற்காலத்தில் இலங்கையின் நெற்செய்கைக் கிராமங்களில் வளவுதோறும் நெற்கூடுகள் காணப்பட்டன. தமிழர் இதனைக் கொம்பறை என்றும் சிங்களவர் பிஸ்ஸ என்றும் அழைப்பர். காட்டுத்தடிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் பூசி, வைக்கோல் அல்லது இலுக்குப்புல் வேய்ந்து, கல்லின்மீதோ மரக்கால்களின்மீதோ இது நிறுத்தப்பட்டது. அடியிற் காற்று உலவியமையால் நிலத்தின் ஈரம் நெல்லை அணுகவில்லை. கறையான் ஏறுவதும் எளிதிற் புலப்பட்டது.

அறுவடை நெல்லைக் களத்திலேயே விற்கும் வழக்கம் பெருகவே கொம்பறைகள் பல வெறுமையாயின. கூரை பிரிந்த மண்சுவர் சில மாரிகளிற் கரைந்துவிடும். எஞ்சியவற்றைப் புதுமனை கட்டுவோர் அகற்றுகின்றனர். அகற்றுதல் தவறன்று; அளவெடாது அகற்றுதலே இழப்பு.

இடிக்குமுன் கமக்காரர் குறிக்கவேண்டியவை:

1. காலின் உயரம், கூட்டின் சுற்றளவு, சுவரின் தடிப்பு.
2. தடிக்கும் காலுக்கும் பயன்பட்ட மரங்களின் பெயர்.
3. மண் எடுத்த இடம், குழைத்த முறை.
4. கொள்ளளவு எத்தனை புசல் என்பது. நெல் ஒரு புசல் ஏறக்குறைய 21 கிலோகிராம்.
5. கட்டியவர், கட்டிய ஆண்டு.

அளவுகோலை அருகே நிறுத்தி நாற்புறமும் படமெடுத்தல் நன்று. சுவரை எவரும் அளக்கலாம்; விதைநெல்லை அடுத்த போகம்வரை பழுதின்றிக் காத்த முறையை வீட்டு முதியவரே அறிவர். ஆகையால் முதலில் அவரிடம் கேட்டெழுதுதல் வேண்டும்.