முதலில் எழுவது யார்?

2025 ஆகஸ்டில் ‘பேட்டல்ஃபீல்டு 6’ கணினி விளையாட்டின் சோதனைப் பதிப்பு வெளியானது. அந்த வாரம் முழுவதும் ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டார நண்பர்கள் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: “டேய், செக்யூர் பூட் எப்படி ஓன் பண்றது?” அது இயங்காத கணினியில் அந்த விளையாட்டு திறக்காது. ‘வெலோரண்ட்’ விளையாடுகிறவர்களுக்கு விண்டோஸ் 11இல் இந்தக் கட்டாயம் 2021 முதலே உண்டு. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 14ஆம் நாள், விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாற நினைத்தவர்களும் இதே சொல்லில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

சர்வர் அறையில் வேலை செய்பவர்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்த ஓர் அமைப்பு, இப்படித் தோட்டத்து வீட்டு வரவேற்பறை வரைக்கும் வந்துவிட்டது. யூடியூப் காணொளிகளோ ‘இதை ஓன் செய், அதை ஓஃப் செய்’ என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. ஏன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. நான் கணினித் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த விஷயத்தை எனக்குப் புரிய வைத்தது விரிவுரை மண்டபம் அல்ல. ஜெராமில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் இருக்கும் பழைய சர்வர்தான். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

கணினியின் பொத்தானை அழுத்தியவுடன் விண்டோஸ் எழுந்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் ஒரு சிறிய சில்லுக்குள் இருக்கும் நிரல்தான் முதலில் விழிக்கிறது. எழுதத் தொடங்கும் முன் பிள்ளையார் சுழி போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1981இல் வந்த ஐபிஎம் கணினியில் இதன் பெயர் பயோஸ். இன்றைய கணினிகளில் அதன் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது. பழக்கதோஷத்தில் நாம் இன்னமும் பயோஸ் என்றே சொல்கிறோம். விசைப்பலகையையும் நினைவகத்தையும் சரிபார்த்த பிறகு, இந்த நிரல் தனக்குத்தானே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறது. இயங்குதளத்தை எங்கிருந்து எடுப்பது? எடுத்ததை நம்பலாமா? முதல் கேள்விக்கான பதில்தான் பூட் ஆர்டர், அதாவது தொடக்க வரிசை. இரண்டாவதற்கான பதில் செக்யூர் பூட்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே வார இறுதியில் டியூஷன் நடக்கிறது. கிள்ளானில் ஓர் அலுவலகம் தனக்குத் தேவைப்படாத டவர் வகை சர்வர் ஒன்றைக் கொடுத்தது. இணையம் மெதுவாக இருக்கும் நாள்களிலும் எஸ்.பி.எம். முந்தைய ஆண்டுத் தாள்களையும் பாடக் காணொளிகளையும் பிள்ளைகள் பார்க்க அது உதவுகிறது. ஒரு கடைக்காரர் அதில் உபுண்டு சர்வரை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, ஒரு சனிக்கிழமை இடியுடன் மழை பெய்யும் வரை.

கடலோரத்து ஊர் எங்களுடையது. மாலை நேரத்து இடி மழைக்கு மின்சாரம் போவதும் வருவதும் யாருக்கும் செய்தி இல்லை. மின்சாரம் திரும்பியதும் தானாக எழுந்துகொள்ளும்படி சர்வர்களில் ஓர் அமைப்பு உண்டு; இதிலும் அது இயங்கியது. ஆனால் மறுநாள் காலையில் மண்டபப் பொறுப்பாளர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். “தம்பி, பொட்டிய தொறந்தா ஏதோ பாஷ எதுன்னு கேக்குதுப்பா. தமிழ் அதுல இருக்கா?” என்றார். “மாமா, எதையும் அழுத்த வேணாம், நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மொழி கேட்டது உபுண்டு அல்ல, உபுண்டுவின் நிறுவி. சர்வரின் பின்பக்கத்தில் நிறுவும்போது செருகிய பென்டிரைவ் அப்படியே இருந்தது. தொடக்க வரிசையில் முதலிடம் யூஎஸ்பிக்கு, இரண்டாமிடம் நெட்வொர்க்குக்கு, மூன்றாவதுதான் உள்ளே இருக்கும் வட்டு. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடியதால் இது யாருக்கும் தெரியவில்லை. மழை ஒருமுறை அணைத்து எழுப்பியதும், வரிசையில் முதலில் நின்ற பென்டிரைவ் எழுந்துகொண்டது. யாராவது ஆர்வத்தில் கேட்டதற்கெல்லாம் சம்மதம் சொல்லிக்கொண்டே போயிருந்தால், நிறுவி வட்டை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியிருக்கும். பிள்ளைகளின் ஓர் ஆண்டு உழைப்பும் குறிப்புகளும் அதோடு போயிருக்கும்.

பென்டிரைவைப் பிடுங்கிய பிறகும் சர்வர் உடனே எழவில்லை. கறுப்புத் திரையில் நெட்வொர்க் வழியாகத் தொடங்க முயல்வதாக ஒரு வரி வந்து நின்றது. பிஎக்ஸ்இ என்று அழைக்கப்படும் இந்த வசதி பெரிய நிறுவனங்களுக்கு அருமையானது. நூறு கணினிகளில் ஒவ்வொன்றாகப் பென்டிரைவ் செருகாமல், ஒரே இடத்திலிருந்து நெட்வொர்க் வழியாக இயங்குதளத்தை அனுப்பலாம். எங்கள் மண்டபத்தில் அப்படி அனுப்ப யாரும் இல்லை. ஆகவே அது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நின்று, சலித்துப்போய்த்தான் வட்டிடம் வந்தது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். சர்வரை மீண்டும் தொடங்கி யூஇஎஃப்ஐ அமைப்புத் திரைக்குள் போனேன். கணினிக்குக் கணினி இதற்கான விசை மாறும். எஃப்2 அல்லது டிலீட் பொதுவாக வேலை செய்யும். உள்வட்டை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, நெட்வொர்க்கையும் யூஎஸ்பியையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். எப்போதாவது பென்டிரைவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால், அந்த ஒரு தடவைக்கு மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறது. பல கணினிகளில் அது எஃப்12. நிரந்தர வரிசையைத் தொடவே தேவையில்லை. கடைசியாக அமைப்புத் திரைக்கு ஒரு கடவுச்சொல். அது இல்லாவிட்டால் நான் மாற்றியதை அடுத்து வருபவர் இரண்டு விசையில் திருப்பிவிடலாம்.

வரிசையில் வெளியாள் முதலில் நிற்பது ஆபத்து என்பது புதிய பாடம் அல்ல. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்ற வைரஸ், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறியது. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் அதுதான். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வைரஸ்காரர்களுக்கு அவ்வளவு வெள்ளை மனசு. பின்னால் வந்த ‘ஸ்டோன்ட்’, ‘மைக்கலாஞ்சலோ’ எல்லாம் வன்வட்டின் தொடக்கப் பகுதியையே பிடித்துக்கொண்டன. யாரோ மறந்து விட்டுப்போன நெகிழ்வட்டோடு கணினியைத் திறந்தாலே போதும். இயங்குதளத்துக்கு முன்பே எழுந்துவிட்ட ஒன்றை, இயங்குதளத்தில் ஓடும் வைரஸ் தடுப்பு மென்பொருள் பிடிப்பது மிகவும் கடினம்.

அந்தப் பழைய வியாதிக்குத்தான் செக்யூர் பூட் மருந்தாக வந்தது. 2012இல் விண்டோஸ் 8 வெளியானபோது இது பரவலானது. தொடங்கும் நிரலில் ஒரு மின்னியல் கையொப்பம் இருக்கும். யூஇஎஃப்ஐயிடம் இரண்டு பட்டியல்கள் உண்டு: அனுமதிப் பட்டியல் ஒன்று, தடைப் பட்டியல் ஒன்று. கையொப்பம் முதல் பட்டியலில் உள்ள சான்றிதழோடு பொருந்த வேண்டும், இரண்டாவதில் இருக்கக் கூடாது. அப்போதுதான் உள்ளே விடும். தேர்வு மண்டபத்து வாசலில் அடையாள அட்டையைப் பார்த்து அனுப்புவது போலத்தான்.

“லினக்ஸ் போட வேண்டுமானால் செக்யூர் பூட்டை ஓஃப் செய்துவிடு” என்ற அறிவுரையை இன்னமும் கேட்கிறேன். இது காலாவதியான அறிவுரை. உபுண்டு 2012லேயே இதற்கு வழி கண்டது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ‘ஷிம்’ என்ற சிறு நிரல் முதலில் எழுந்து, பிறகு உபுண்டு தன் சொந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டு தொடர்கிறது. ஃபெடோராவும் அதே வழியில் வந்தது. டெபியன் 2019இல் சேர்ந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட நினைக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மண்டபத்து சர்வரில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அதில் செருகிய வைஃபை கருவிக்கான டிரைவரை நாமே தொகுக்க வேண்டியிருந்தது. கையொப்பம் இல்லாததால் லினக்ஸ் அதை ஏற்கவில்லை. இங்கேயும் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் நமக்கே சொந்தமாக ஒரு சாவியை உருவாக்கி, டிரைவருக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினியில் பதிவு செய்ய முடியும். அடுத்த முறை தொடங்கும்போது நீல நிறத் திரை ஒன்று வந்து சில விநாடிகள் காத்திருக்கும். அதில் சாவியை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். இதை இணையம் வழியாகத் தொலைவிலிருந்து செய்ய முடியாது. கணினிக்கு எதிரில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. எங்கோ இருக்கும் ஒருவன் சர்வருக்குள் நுழைந்தாலும், வாசல்காரனிடம் புதுச் சாவியைக் கொடுக்க அவன் ஜெராமுக்குப் பேருந்து ஏறி வர வேண்டும்.

செக்யூர் பூட்டை ஓட்டையே இல்லாத கோட்டை என்றும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் ‘பிளாக்லோட்டஸ்’ என்ற தீநிரலைப் பற்றி ஈசெட் ஆய்வாளர்கள் எழுதினார்கள். முழுமையாகப் புதுப்பித்த விண்டோஸ் 11இலும் அது செக்யூர் பூட்டைத் தாண்டியது. அது பயன்படுத்திய குறையை மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியிலேயே சரிசெய்துவிட்டது. ஆனால் குறையுள்ள பழைய நிரல்கள் தடைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அவற்றின் கையொப்பம் செல்லுபடியாகவே இருந்ததால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. 2024 ஜூலையில் வெளிவந்த ‘பிகேஃபெய்ல்’ விவகாரம் இன்னும் வேடிக்கை. சோதனைக்காக உருவாக்கி, ‘நம்பாதீர்கள்’ என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்த ஒரு சாவியை, நூற்றுக்கணக்கான கணினி மாடல்களில் முதன்மைச் சாவியாக வைத்தே விற்றிருக்கிறார்கள். ஆகவே அமைப்பை ஓன் செய்தால் மட்டும் போதாது. கணினித் தயாரிப்பாளர் தரும் யூஇஎஃப்ஐ புதுப்பிப்பையும் போட வேண்டும். அதற்கு இப்போது இன்னொரு காரணமும் இருக்கிறது: 2011இல் வழங்கப்பட்ட மைக்ரோசாஃப்டின் செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. பழையதோடு இருக்கும் கணினி மறுநாளே நின்றுவிடாது. ஆனால் தொடக்கப் பகுதிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காமல் போகும்.

இனி, வாட்ஸ்அப் குழுவில் நான் பலமுறை தட்டச்சு செய்த விஷயம். விளையாட்டுக்காகவோ விண்டோஸ் 11க்காகவோ இந்த அமைப்பை மாற்றப் போகிறவர்கள் முதலில் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். வட்டை மறைகுறியாக்கும் வசதி அது. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான மடிக்கணினிகளில் மறைகுறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும். நாம் கேட்டிருக்கவே மாட்டோம். அதன் சாவி செக்யூர் பூட் நிலையோடு பிணைந்திருக்கும். நிலை மாறினால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று நினைத்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் உள்ளே இருக்கும் அசைன்மெண்ட், புகைப்படம் எதையும் எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தவறான புதுப்பிப்பால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, பல நிறுவனங்களில் மீட்பு வேலை தாமதமானதற்கு இந்த எண்ணைத் தேடி அலைந்ததும் ஒரு காரணம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அதன் பிறகு யூஇஎஃப்ஐக்குள் போங்கள்.

இன்னொரு தடை பழைய கணினிகளில் வரும். ஸ்டார்ட் பட்டியலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் ‘பயோஸ் மோட்’ என்ற வரி தெரியும். அங்கே ‘லெகசி’ என்றிருந்தால் செக்யூர் பூட் இயங்காது. கட்டாயப்படுத்தி யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் எழவே எழாது, ஏனென்றால் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதை ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகுதான் பயோஸ் பக்கம் போக வேண்டும். விண்டோஸிலேயே ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி 2017 முதல் இருக்கிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். அப்படியிருந்தும் முக்கியமானவற்றை வெளிவட்டில் நகலெடுத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்கள் குழுவில் இரண்டு பேருக்குக் காணொளி சொல்லாமல் விட்டது இந்த ஒரு படிதான்.

மண்டபத்து சர்வரின் தொடக்க வரிசையையும், செக்யூர் பூட் ஓனில் இருப்பதையும், கடைசியாக யூஇஎஃப்ஐ புதுப்பித்த தேதியையும் ஒரு தாளில் எழுதி அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறோம். அமைப்புத் திரைக் கடவுச்சொல் அதில் இல்லை. அது மூடிய உறையில், கோயில் கணக்குப் புத்தகங்கள் இருக்கும் இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவி மாமாவிடம்.