எந்த இலை முதலில் மஞ்சளானது?

தொட்டியில் வைத்த மிளகாய் நாற்றில் ஓர் இலை மஞ்சளானதும் நம் கை முதலில் போவது தண்ணீர்ச் செம்புக்கு. இரண்டு நாளில் இன்னோர் இலையும் வெளுத்தால் யூரியா டப்பாவுக்கு. நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரம் பக்கம் மாடியிலும் வாசலிலும் பழைய பெயிண்ட் வாளிகளில் மிளகாய், தக்காளி, கத்தரி வளர்ப்பவர்களைக் கேட்டால், 'செடிக்குப் பசி, இல்லாவிட்டால் தாகம்' என்பார்கள். இயல்பான எண்ணம்தான். ஆனால் இளநாற்று பசியால் சாவது அபூர்வம். மூச்சு முட்டிச் சாவதுதான் அதிகம்.

வேர் தண்ணீர் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது மூச்சும் விடுகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜனை வைத்துத்தான் வேர் உயிர் வாழ்கிறது, சத்தை உள்ளே இழுக்கிறது. தினமும் இரண்டு வேளை ஊற்றினால் அந்த இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிறைந்துவிடும். வேர் ஓய்ந்துபோகும். சுற்றிலும் தண்ணீரும் உரமும் இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளாகி, தாகத்தில் துவண்டதுபோலவே தொங்கும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம்.

இதைக் கண்டுபிடிக்க, கையிலுள்ள டீ ஆறும் நேரம் போதும். மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருந்தால் தாகம் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் ஒரு நாற்றை மண்ணோடு மெதுவாகக் கவிழ்த்து எடுத்து வேரைப் பார்க்கலாம். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே மெல்லிய நார் மட்டும் நிற்கும். முகர்ந்தால் சாக்கடை வாடை வரும். அப்படியானால் தண்ணீரை நிறுத்துங்கள், வாளியின் அடியில் துளை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உரம் எதுவும் வேண்டாம்.

மண் சரியாக இருக்கிறது, வேரும் வெள்ளையாக இருக்கிறது என்றால், எந்த இலை முதலில் மஞ்சளானது என்று பார்க்க வேண்டும். முளைக்கும்போது முதலில் விரியுமே, பருப்புப் பிளந்தது போன்ற இரண்டு வித்திலைகள், அவை மட்டும் மஞ்சளானால் விட்டுவிடலாம். விதைக்குள் சேர்த்து வைத்திருந்த உணவைக் கொடுத்து முடித்து அவை உதிரும் நேரம் அது.

அடுத்து, கீழே உள்ள மூத்த இலைகள் முழுவதும் வெளுத்து, கொழுந்து மட்டும் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. தட்டில் சோறு குறைந்தால் அம்மா தன் பங்கையும் பிள்ளைக்குத் தள்ளிவிடுவாள் அல்லவா, அதைத்தான் செடியும் செய்கிறது. தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. தட்டுப்பாடு வந்தால் மூத்த இலையிலிருந்து உருவி இளங்கொழுந்துக்கு அனுப்பிவிடும். மூத்த இலையில் நரம்பு பச்சையாக நின்று, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. பச்சையத்தின் நடுவில் இருக்கும் அணு அதுதான், அதுவும் இடம் மாறும்.

இரும்புச்சத்து அப்படி நகராது. போன இலையிலேயே தங்கிவிடும். அதனால் இரும்பு குறைந்தால் கீழே எல்லாம் பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் எலுமிச்சை நிறமாகவும் வெளுக்கும். சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் சுண்ணாம்பு மண்ணில் கொழுந்து வெளுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் இதுதான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். கார அமில நிலை 7.5-க்கு மேல் போனால் அது கரையாமல் இறுகிவிடும், வேரால் எடுக்க முடியாது. தொட்டியில் இந்தச் சிக்கலைக் கொண்டுவருவது நம் போர்வெல் தண்ணீர். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் உள்ள சப்பைத் தண்ணீர் என்று புரிந்துகொள்ளலாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் கொழுந்தில் தெளித்தால் பச்சை திரும்பும். பிறகு விரியும் இலைக்கு மறுபடி தெளிக்க வேண்டும், இரும்புதான் நகராதே. மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, கோழி எரு. நாமக்கல் மாவட்டத்தில் கோழிப்பண்ணைக்குப் பஞ்சமில்லை, எரு சுலபமாகக் கிடைக்கிறது. மக்காத எருவை நாற்றுத் தொட்டியில் கலந்தால் அதிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் உப்பும் இளவேரைச் சுட்டுவிடும். இலையின் நுனியும் ஓரமும் முதலில் கருகும், பிறகு மஞ்சள் பரவும். உரம் போட்டும் செடி தேறவில்லையே என்று இன்னொரு கை அள்ளிப் போட்டால் முடிந்தது கதை. மற்றொன்று, பச்சைத் தென்னைநார்க் கழிவு. அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் உள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், நாற்றுக்கு மிஞ்சாது. இரண்டையும் நன்றாக மக்கவைத்த பிறகு பயன்படுத்துங்கள். நாற்றுக்குப் பசிதான் என்று உறுதியானால் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகி, சுருண்டு, சிறுத்துப்போனால் அது சத்துக் குறைவு அல்ல. வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். மரவள்ளித் தேமலும் அந்த ஈ பரப்புவதுதான். இதற்கு மருந்து கிடையாது. அந்த நாற்றை மட்டும் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டால் மற்றவை தப்பிக்க வழியுண்டு.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் முழுக்க வெளுத்துவிட்ட மூத்த இலை பெரும்பாலும் பழைய பச்சைக்குத் திரும்பாது. அதைக் கிள்ளி எறிய அவசரப்படாதீர்கள். மிச்சமிருக்கும் சத்தைச் செடி இன்னும் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும், தானாகக் காய்ந்து விழட்டும். வைத்தியம் பலித்ததா என்று தெரிய, அடுத்து விரியும் இரண்டு இலைகளைப் பாருங்கள். அதுவரை வேறெதுவும் ஊற்ற வேண்டாம், போட வேண்டாம்.